ஓரணாச் சிற்றுண்டி: சென்னை மாநகராட்சியின் 1920-ஆம் ஆண்டுத் தீர்மானமும் அதன் நிதித் தலைப்பும்

தமிழகத்தில் உள்ளாட்சியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் உத்திரமேரூரில் தொடங்கி உத்திரமேரூரிலேயே நின்றுவிடுகின்றனர். முதற் பராந்தகன் காலத்தில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவ்வூர்ச் சபையின் இரு தீர்மானங்களும் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. ஆயினும் அத்தீர்மானங்களின் உயிர்நிலை குடத்தில் மட்டும் இல்லை, கணக்கிலும் இருக்கிறது. வாரியப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறத் தகுதியற்றவர் என்று சபை விதித்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பணிகளைப் பகுத்துக்கொண்ட ஓர் ஊர், அப்பணிகளுக்கான பொருள் யாருடையது, அதற்கு யார் விடை சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதி வைத்தது.

இந்தக் கேள்வி கல்வெட்டோடு முடிந்துபோனதன்று. அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், சென்னை மாநகராட்சி மன்றம் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கலாம் என்று நிறைவேற்றிய ஒரு சிறு தீர்மானத்தின் கதையும் இதே கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது. அத்தீர்மானம் இன்று சத்துணவுத் திட்டத்தின் முன்னோடி என்ற அளவில் ஓரிரு வரிகளில் நினைவுகூரப்படுகிறது. யார் தொடங்கினார் என்ற உரிமைப் போட்டிக்கே அவ்வரிகள் பயன்படுகின்றன. திட்டம் ஏன் நின்றது, மீண்டபோது எவ்வாறு மாறியிருந்தது என்பன போதிய கவனம் பெறவில்லை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்றமும் அதன் வரம்பும்

1688-இல் நிறுவப்பெற்ற சென்னை மாநகராட்சி நெடுங்காலம் அரசு நியமித்த அலுவலரின் தலைமையிலேயே இயங்கியது. தல சுயாட்சியை வளர்க்க வேண்டும் என்ற ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானம் இந்தியா முழுமைக்கும் ஒரு திருப்புமுனை என்பர். அவர் பெயர் தாங்கிய மாளிகை சென்னையில் 1913-இல் திறக்கப்பெற்றது. எனினும் மன்றத்தின் தலைவரை மன்றத்தினரே தேர்ந்தெடுக்கும் நிலை 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திற்குப் பின்னரே வந்தது. அவ்வாறு வந்த முதல் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியார். 1916-இல் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை நிறுவியவருள் ஒருவராகவே அவர் மிகுதியும் அறியப்படுகிறார். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அவர் மாநகராட்சி மன்றத்தின் உறுப்பினர். நகரின் குடிநீர், சாலை, பள்ளி ஆகியவற்றின் கணக்கறிந்தவர். 1920-ஆம் ஆண்டின் இறுதியில் மாகாணத்தின் முதலமைச்சர் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏற்க மறுத்தவர் அவர் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

மன்றத்தின் அதிகாரத்திற்கு இரு எல்லைகள் இருந்தன. தீர்மானிப்பது மன்றம், நிறைவேற்றுவது அரசால் நியமிக்கப்பெற்ற ஆணையர். இது ஒன்று. மற்றொன்று வாக்குரிமை பற்றியது. அன்றைய மாநகராட்சி வாக்காளர் சொத்துடையவரும் வரி செலுத்துவோருமே. குப்பங்களிலும் சேரிகளிலும் வாழ்ந்த கூலித் தொழிலாளருள் பெரும்பாலோர் நகரில் குடியிருப்போர் என்ற வகையில் மன்றத்தின் பொறுப்பில் அடங்கினரே தவிர, வாக்காளர் என்ற வகையில் அதன் கணக்கில் இல்லை. உத்திரமேரூர்ச் சபையும் நிலமுடைய பிராமணரின் சபையே என்பதை நினைக்கும்போது, ஆயிரம் ஆண்டுகளில் இவ்வகையில் மாற்றம் மிகுதி என்று கூறுவதற்கில்லை. வாக்களிக்காதவரின் பிள்ளைகளுக்காக வாக்களித்தவரின் வரிப்பணத்தைச் செலவிட ஒரு மன்றம் முன்வந்தது என்பதே 1920-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் தனிச்சிறப்பு.

தீர்மானம்

1920 செப்டம்பர் 16 அன்று அத்தீர்மானம் மன்றத்தில் நிறைவேறியது. ஆயிரம் விளக்கிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்குவது. அதற்கு ஆகும் செலவு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படலாகாது. இவ்வளவே அதன் சாரம். அப்பள்ளியில் பயில்வோர் ஏழைகள் என்பதும், அவ்வறுமை பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைப் பெரிதும் பாதித்தது என்பதும் தலைவர் மன்றத்தில் எடுத்துரைத்த காரணங்கள்.

இக்காரணம் கூர்ந்து நோக்கத்தக்கது. பசி கொடிது, ஆகவே உணவிட வேண்டும் என்று அவர் வாதிடவில்லை. பள்ளி நடைபெற வேண்டுமாயின் பிள்ளைகள் வரவேண்டும், பிள்ளைகள் வரவேண்டுமாயின் உணவு வேண்டும் என்றே வாதிட்டார். தமிழ் மரபில் உணவளித்தலுக்கு நீண்ட வரலாறு உண்டு. மணிமேகலையின் அமுதசுரபி முதல் வள்ளலார் 1867-இல் வடலூரில் நிறுவிய தருமச்சாலை வரை அம்மரபு தொடர்கிறது. வழிப்போக்கருக்கான சத்திரங்களும் அதைச் சார்ந்தவையே. அங்கெல்லாம் கொடுப்பவரின் அறமே முதன்மை; பெறுபவர் எவராயினும் ஆகலாம். மாநகராட்சியின் தீர்மானத்தில் கொடுப்பவர் எனத் தனியொருவர் இல்லை. நகரின் வரி வருவாய் ஒரு பொதுப்பணியின் பகுதியாக உணவாக மாறுகிறது. பள்ளிக் கட்டடத்திற்கும் கரும்பலகைக்கும் செலவிடுவது போன்றே சிற்றுண்டிக்கும் செலவிடலாம் என்பது அதன் உட்கிடை. அதை அறக்கொடையாகக் காட்டியிருந்தால் எதிர்ப்பு எழ வாய்ப்பில்லை. கல்விச் செலவாகக் காட்டியதால்தான் பின்னர் இடர் நேர்ந்தது.

சொல்லைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். தீர்மானத்தில் ஆளப்பட்ட சொல் ‘டிபன்’. ஆங்கிலேயர் இந்தியாவில் நண்பகற் சிற்றுணவுக்கு வழங்கிய அச்சொல் சென்னை வழக்கில் வேரூன்றிச் சிற்றுண்டி எனத் தமிழாயிற்று. முழு உணவு என்ற பொருளை அது தருவதில்லை. ஓரணாவுக்குள் அடங்கும் ஒன்றை அச்சொல்லால் குறிப்பது பொருத்தமே. ‘மதிய உணவு’ என்பது 1950-களின் வழக்கு. ‘சத்துணவு’ 1982-இன் வழக்கு. ‘காலை உணவு’ 2022-இன் வழக்கு. ஒவ்வொரு சொல்லிலும் அவ்வக்காலத்து அரசு தன் பொறுப்பு எது என்று கருதியதன் அளவு தெரிகிறது.

வெற்றியே சுமையாதல்

ஆயிரம் விளக்கில் தொடங்கிய திட்டம் மேலும் நான்கு மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விரிவுபெற்றது. அவ்வைந்து பள்ளிகளின் மாணவர் சேர்க்கை 1922-23-இல் 811, 1924-25-இல் 1,671. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கைச் சற்றே கடந்த வளர்ச்சி இது. சிற்றுண்டியின் பயனை மெய்ப்பிக்க இந்த எண்களையே அனைவரும் சுட்டுகின்றனர். அது சரியே. ஆனால் அதே எண்களை நிதிப் பொறுப்பாளரின் பக்கத்திலிருந்தும் படிக்கலாம்.

பதினாறு அணா ஒரு ரூபாய். எல்லா மாணவரும் உண்டனர் எனவும், ஓரணா முழுமையும் செலவாயிற்று எனவும் கொண்டால், 811 பேருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் 11 அணா. 1,671 பேருக்கு 104 ரூபாய் 7 அணா. பள்ளி நாள்கள் 200 எனக் கொண்டால் ஆண்டுச் செலவின் உச்ச அளவு பத்தாயிரத்துச் சொச்சத்திலிருந்து ஏறத்தாழ இருபத்தோராயிரம் ரூபாய்க்கு உயர்ந்துவிடும். இது கணித்துக் காட்டும் அளவேயன்றிப் பேரேட்டில் கண்ட தொகையன்று. ஆயினும் போக்கு விளங்கும். கட்டடத்திற்கான செலவு ஒருமுறை முடிந்துவிடுவது. சிற்றுண்டிச் செலவோ வெற்றி பெறுந்தோறும் வளர்வது. ஒரு பிள்ளை கூடுதலாகப் பள்ளிக்கு வந்தால் நாள்தோறும் ஓரணா கூடுதலாக வேண்டும். தீர்மானம் தலைக்கு வரம்பு விதித்ததே தவிர, மொத்தத் தொகைக்கு வரம்பு விதிக்கவில்லை. இத்தகைய செலவுக்கு நிலையான நிதித் தலைப்பு ஒன்று இன்றியமையாதது. அத்தலைப்பைத் தேடியபோதுதான் சிக்கல் எழுந்தது.

1925 ஏப்ரல் 1

மாநகராட்சி தீர்மானம் நிறைவேற்றிய அதே 1920-இல் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டமும் வந்தது. உள்ளாட்சி அமைப்புகள் கல்வி வரி விதிக்கவும், அவ்வருவாயைத் தொடக்கக் கல்வி நிதி என்ற தனி நிதியில் சேர்த்துச் செலவிடவும் அச்சட்டம் வழிவகுத்தது. அரசின் பங்கும் அதில் சேரும். தனி நிதி என்பது ஒருவகையில் காப்பு: கல்விக்கென வாங்கிய பணம் சாக்கடைக்கும் விளக்குக்கும் போய்விடாது. மற்றொரு வகையில் அது பூட்டு: கல்வி எது, கல்வியல்லாதது எது என்று பிரித்துச் சொல்லும் அதிகாரம் நிதியைக் கண்காணிப்பவரிடம் போய்ச் சேரும். சிற்றுண்டிச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து எடுப்பதற்கு அரசு இசையவில்லை. 1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார்.

‘ஆங்கில அரசு தடுத்துவிட்டது’ என்று இந்நிகழ்வை ஒரே வரியில் முடிப்பது பொதுமேடைகளில் வழக்கமாகிவிட்டது. அவ்வரி முழு உண்மையைத் தருவதில்லை. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டையாட்சி நடைபெற்ற காலம் அது. நிதி ஆளுநரின் நிருவாகக் குழுவுக்கென ஒதுக்கப்பட்ட துறை. கல்வியும் தல சுயாட்சியுமோ மக்கள் சார்பான அமைச்சர்களிடம் மாற்றப்பட்ட துறைகள். 1925-இல் தல சுயாட்சித் துறை பனகல் அரசரிடமும் கல்வித் துறை ஏ. பி. பாத்ரோவிடமும் இருந்தன. இருவரும் தியாகராயர் தலைமையேற்றிருந்த கட்சியினரே. ஆகவே ஒரே கட்சியினர் மாளிகையில் ஒன்றைத் தீர்மானிக்க, கோட்டையில் அமைச்சர்களாக அமர்ந்திருந்தவர்கள் காலத்திலேயே அது நின்றுபோயிற்று. இதனைக் கட்சியின் குறையாகவோ பெருமையாகவோ கொள்வதைவிட, அதிகாரம் எங்கே தங்கியிருந்தது என்பதற்குச் சான்றாகக் கொள்வதே பொருந்தும். துறை அமைச்சரிடம் இருந்தது. பணப்பெட்டியின் சாவி வேறிடத்தில் இருந்தது. இரட்டையாட்சி பற்றி அக்காலத்து அரசியலார் பலரும் கூறிய குறை இதுவே. அதற்கு ஓரணாச் சிற்றுண்டியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இங்கிலாந்து இதே சிக்கலைச் சில ஆண்டுகள் முன்னதாகக் கடந்திருந்தது. பள்ளி உணவுக்கு உள்ளூர் வரிப்பணத்தைச் செலவிட அங்கும் தொடக்கத்தில் சட்டம் இடந்தரவில்லை. பிராட்போர்டு போன்ற தொழில் நகரங்களின் வற்புறுத்தலுக்குப் பின்னர் 1906-இல் நாடாளுமன்றம் உணவு வழங்கற் சட்டம் ஒன்றை இயற்றியது. அதுவும் வரி மதிப்பில் பவுனுக்கு அரைப் பென்னிக்கு மேற்படலாகாது என்ற வரம்புடன்தான். பிராட்போர்டு நகரமன்றம் 1907-இல் பள்ளிச் சமையற்கூடத்தைத் திறந்தது. 1914-இல் அரைப் பென்னி வரம்பு நீக்கப்பட்டது. அங்கே நகரங்களின் செயலுக்குப் பின்னால் சட்டம் வந்து நின்றது. சென்னையில் அவ்வாறு ஒரு சட்டத்தை இயற்றித் தரும் மன்றம் இருந்தும் அது முன்வரவில்லை. நிதித் தலைப்பு மாறியிருந்தால் போதும். அதற்கு ஒரு சட்டத் திருத்தமே வேண்டியிருந்தது. தாயகத்தில் சட்டமாகிவிட்ட ஒன்றைக் குடியேற்ற நாட்டில் கணக்கு விதி தடுத்தது என்பதில் வியப்பில்லைதான்.

மீண்ட திட்டம்

திட்டத்தை மீண்டும் நடத்த மாநகராட்சி அரசை வேண்டியது. 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்களுக்கு உணவளிக்க 1927-இல் இசைவு கிடைத்தது. டாக்டர் ப. சுப்பராயன் அமைச்சரவை பொறுப்பிலிருந்த காலம் அது. இம்மீட்சியை முன்னைய திட்டத்தின் தொடர்ச்சி என்றே கொள்வது வழக்கம். எண்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. 1924-25-இல் ஐந்து பள்ளிகள், 1,671 மாணவர். பள்ளிக்குச் சராசரி 334 பேர். 1927-இல் 25 பள்ளிகள், 1,000 மாணவர்; பள்ளிக்கு 40 பேர். முதல் திட்டத்தின் அலகு பள்ளி. இன்ன பள்ளியின் மாணவர்க்கு என்றே 1920-ஆம் ஆண்டுத் தீர்மானம் பேசிற்று. இரண்டாவதன் அலகு ஏழை மாணவன். ஒரு வகுப்பறையில் உணவுக்கு உரியவர் இன்னார், அல்லாதவர் இன்னார் எனப் பிரித்தாக வேண்டிய கட்டாயம் அதில் உண்டு.

இம்மாற்றம் சிறிதன்று. மொத்தத் தொகைக்கு எல்லை கட்ட வேண்டுமெனில் தலைகளை எண்ணி வைத்துக்கொள்வதே எளிய வழி என்பதை நிதி நிருவாகம் கண்டுகொண்டது. பள்ளிக்கு வருவோர் பெருகினால் செலவும் பெருகும் என்ற பழைய இடர் இதனால் நீங்கிற்று. ஆனால் சேர்க்கையைப் பெருக்குவது என்ற முதல் நோக்கமும் அதனுடன் தளர்ந்தது. பள்ளியில் முன்பே சேர்ந்தவருள் வறியவருக்கு உதவுவது ஒன்று; பள்ளிக்கு வாராதவரை வரச்செய்வது வேறொன்று. தியாகராயர் மன்றத்தில் கூறிய காரணம் இரண்டாவதைச் சார்ந்தது. கொடையிலிருந்து பொதுப்பணியாக மாறிய சிற்றுண்டி, மீண்டும் சற்றே கொடையின் சாயலைப் பெற்றது எனலாம்.

ஏழை எனத் தேர்ந்து உணவளிக்கும் முறை விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு பணியாற்றிய காலத்தில், ஊராரின் நன்கொடையைக் கொண்டு 1956-இல் பரவத் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் அடுத்த ஆண்டில் அரசு மானியம் பெற்றது. ஒரு வேளை உணவுக்கு 10 பைசா. அதில் 6 பைசா அரசினுடையது, எஞ்சிய 4 பைசா உள்ளூரில் திரட்ட வேண்டியது. உள்ளூர் என்பது இங்கு முடிவெடுக்கும் இடமாக அன்றிப் பங்கு செலுத்தும் இடமாகத் தோன்றுகிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் அந்தப் பங்கும் தேவையற்றுப்போயிற்று. பொறுப்பு முழுமையும் மாநில அரசினுடையதாயிற்று. குழந்தைகளைத் தேர்ந்து பிரிக்கும் முறையும் அதனோடு பெரிதும் மறைந்தது. அந்த அளவில், பள்ளியே அலகு என்ற 1920-ஆம் ஆண்டுக் கருத்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் மாநிலம் முழுமைக்கும் மீண்டது.

அப்போது ரிப்பன் மாளிகையின் நிலை என்ன? அங்கே மன்றமே இல்லை. தினக்கூலியாளர் வருகைப்பதிவேட்டில் நடந்த மோசடி, மஸ்டர் ரோல் ஊழல் என்ற பெயரால் பரவலாகப் பேசப்பட்டதைத் தொடர்ந்து 1973-இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. மறுதேர்தல் 1996-இல்தான் நடைபெற்றது. இருபத்து மூன்று ஆண்டுகள் சென்னை நகரம் தனி அலுவலரின் ஆட்சியில் இருந்தது. பள்ளி உணவை முதலில் தீர்மானித்த மன்றம், அவ்வுணவு மாநிலத்தின் மிகப்பெரிய பொதுப்பணியாக வளர்ந்தபோது இருக்கையின்றிக் கிடந்தது. கணக்குக் காட்டாதவரைச் சபையிலிருந்து விலக்கியது உத்திரமேரூர். கணக்குப் பிழைத்ததற்காகச் சபையையே விலக்கியது பிற்காலம். முன்னதில் தண்டனை உறுப்பினருக்கு, பின்னதில் நகரத்தாருக்கு.

1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73, 74-ஆம் திருத்தங்கள் இவ்வாறு ஆண்டுக்கணக்கில் மன்றமின்றி வைத்திருப்பதைத் தடுத்தன. கலைத்தால் ஆறு திங்களுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். ஆனால் எதற்குச் செலவிடலாம் என்ற பழைய வினாவுக்கு அவை முழு விடை தரவில்லை. பணிகளின் பட்டியலை அவை தந்தன. அப்பணிகளை எந்த அளவில் ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்திற்கு விட்டன. சட்டமன்றமே இல்லாத நிலப்பகுதிகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழர் கணிசமாக வாழும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் உள்ளாட்சி அமைப்புகள் 1994-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்கீழ் இயங்குகின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை விடுத்தால், அங்கே மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சி அமைப்புகள் ஊராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புகளே. அவற்றுக்கு மேலே அமைச்சரவை இல்லை, நிருவாகமே உள்ளது. தீர்மானம் ஓரிடத்திலும் சாவி வேறோரிடத்திலும் இருக்கும் நிலை, 1925-இன் சென்னையைப் படித்தவர்க்குப் புதிதாகத் தோன்றாது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முதற்கட்டத்தில் 1,545 தொடக்கப் பள்ளிகள், 1,14,095 மாணவர், 33.56 கோடி ரூபாய். தொடக்க விழா நடந்ததும் ஒரு மாநகராட்சிப் பள்ளியிலேயே. ஆணை மாநில அரசுடையது, நிதியும் மாநில அரசுடையது. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்து மாநகராட்சிகளில் புதிய மன்றங்கள் அமைந்திருந்தன. 102 ஆண்டுகளுக்கு முன்னர் ஆயிரம் விளக்குப் பள்ளிக்கென ஒரு மன்றம் தன் வரிப்பணத்தை நம்பி எடுத்த முடிவைப் போன்ற ஒன்றை எடுக்கும் தேவை இம்மன்றங்களுக்கு நேரவில்லை. பரிமாறும் கூடத்தையும் பாத்திரங்களையும் ஒழுங்குபடுத்தும் பணியே அவற்றுக்கு வாய்த்தது.